சங்கத்தின் சரக்கு வண்டியும் மாற்றுச் சக்கரமும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

எழுதுபவர்: ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர், பர்கூர்

நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களும் வாடகை வண்டியை நம்பியிராது, தமக்கெனச் சிறு சரக்கு வண்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது பெருகி வருகிறது. 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் என்னும் வண்டி வெளிவந்தது. நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டனர். 2011-இல் நம் ஓசூரிலேயே அசோக் லேலண்டு தொழிற்சாலை ‘தோஸ்த்’ என்னும் பிக்கப் வண்டியைச் செய்து அனுப்பத் தொடங்கியது. பெரிய லாரி நுழைய இயலாத தோட்டத்து வழியிலும் தறிக்காரர் தெருவிலும் இவ்வண்டிகள் செல்லும். ஆதலின் சங்கங்கள் இவற்றை விரும்புவது இயல்பே.

வண்டி வந்த பின்னர் நிர்வாகக் குழுவின் கூட்டங்களில் எழும் வினாக்களுள் ஒன்றை இப்பாடத்தில் ஆராய்வோம். மாற்றுச் சக்கரத்தை, அதாவது ஸ்டெப்னியை, எப்போதும் வண்டியில் ஏற்றிச் செல்லத்தான் வேண்டுமா? அதை இறக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னும் ஒரு கூடை மாங்காயோ, ஒரு மூட்டை நூலோ ஏற்றினால் சங்கத்திற்கு ஆதாயம் அல்லவா? இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் அங்கத்தினர்களின் சரக்கு, சங்கத்தின் பணம், ஓட்டுநரின் உயிர் ஆகிய மூன்றும் இதில் அடங்கியிருக்கின்றன.

1. பெயரின் வரலாறு

மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில் மாற்றுச் சக்கரம் வைத்து விற்கும் வழக்கம் இல்லை. ஜான் பாய்டு டன்லப் என்பவர் 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். காற்றடைத்த டயர் பயணத்தை மென்மையாக்கியது; அதனுடன் பஞ்சர் என்னும் தொல்லையையும் கொண்டுவந்தது. சாலைகளில் லாட ஆணிகள் சிதறிக் கிடந்த காலம் அது. டயர் பஞ்சரானால் சாலையோரத்தில் அமர்ந்து, டயரைக் கழற்றி, ஒட்டுப் போட்டு, மீண்டும் காற்றடித்த பின்னரே நகர முடியும்.

இதற்குப் பரிகாரம் கண்டவர்கள் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்னும் ஊரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள். ஆரக்கால் இல்லாத வளையம் ஒன்றில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அதைக் கவ்வி இறுக்கிவிட்டுப் பயணத்தைத் தொடரும்படி 1904-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு சாதனம் செய்தனர். அவர்களுடைய தொழிற்கூடம் ஸ்டெப்னி தெருவில் இருந்தது. தெருவின் பெயரே சாதனத்தின் பெயராயிற்று. இங்கிலாந்தில் அப்பெயர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம் நாட்டிலோ பஞ்சர் கடைச் சிறுவன் முதல் பேருந்து ஓட்டுநர் வரை எல்லோரும் இன்றும் ஸ்டெப்னி என்றே சொல்கின்றனர்.

அதே 1904-ஆம் ஆண்டில்தான் இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டதும் அவ்வாண்டிலேயே. இவ்விரண்டுக்கும் நேரான தொடர்பு இல்லை. எனினும் இடர் வருமுன் அதற்கு வேண்டியதைச் சேர்த்து வைத்தல் என்னும் கருத்து இரண்டிலும் உண்டு.

2. வேண்டாம் என்பாரின் வாதம்

எதிர்ப்பக்கத்தாரின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். அவர்கள் கூறுவன நான்கு.

முதலாவது, பாரம். 15 அங்குல இரும்பு வளையத்துடன் கூடிய பிக்கப் சக்கரம் ஏறத்தாழ 25 கிலோ எடை இருக்கும். மாங்காய் நிரப்பிய பிளாஸ்டிக் கூடை ஒன்றின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே.

இரண்டாவது, டியூப் இல்லாத டயர்கள் பரவிவிட்டன. அவற்றில் ஆணி ஏறினாலும் காற்று உடனே வெளியேறுவதில்லை. ரப்பர் திரி ஒன்றைச் செருகி ஓட்டையை அடைத்துக்கொண்டு போகலாம்.

மூன்றாவது, எங்கும் பஞ்சர் கடை உண்டு. எல்லோர் கையிலும் டெலிபோன் உண்டு.

நான்காவது, அரசாங்கமே மாற்றுச் சக்கரம் வேண்டாமென்று சொல்லிவிட்டது.

இவற்றுள் முதல் மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. நான்காவது வாதம் தவறான புரிதலில் எழுந்தது. அதை முதலில் தெளிவுபடுத்துவோம்.

3. 2020-ஆம் ஆண்டின் தளர்வு யாருக்கு?

மத்திய அரசு 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. டியூப் இல்லாத டயர், டயரின் காற்றழுத்தத்தை ஓட்டுநருக்கு அறிவிக்கும் கருவி, பழுதுநீக்கும் பெட்டி ஆகிய மூன்றும் உள்ள வண்டிக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்பது அதன் சாரம். ஆனால் அது 3.5 டன்னுக்கு மேற்படாத, ஒன்பது பேருக்கு மேல் ஏற்றாத பயணியர் வாகனங்களைக் கருதிச் செய்யப்பட்டது. கார் வைத்திருப்போர் அதைப் பேசலாம். சரக்கேற்றும் பிக்கப் வண்டிக்கு அத்தளர்வைச் சான்றாகக் காட்டலாகாது.

இவ்வேறுபாட்டிற்குத் தக்க காரணம் உண்டு. காரில் ஏறும் பாரம் நாள்தோறும் பெரிதும் மாறுவதில்லை. பிக்கப் வண்டியோ வெறுமையாகப் போய் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றி வருகிறது. பாரம் மிகுந்து காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது. அதனால் வெப்பம் பிறக்கிறது. வெப்பத்தால் ரப்பரும் உள்ளிருக்கும் நூலடுக்குகளும் பிரிகின்றன. இறுதியில் டயர் வெடிக்கிறது. அவ்வாறு வெடித்த டயரில் எந்தத் திரியைச் செருகுவது?

திரி அடைக்கக்கூடியது ஓர் எல்லைக்கு உட்பட்ட ஓட்டையை மட்டுமே. சாலையைத் தொடும் நடுப்பகுதியில், ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையாயின் அடைக்கலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அதைச் சாலையோரத்தில் சீர்செய்யும் வழி இல்லை. ஆகவே பழுதுநீக்கும் பெட்டி மாற்றுச் சக்கரத்திற்குத் துணையாகுமே தவிர, அதற்கு ஈடாகாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெரிய லாரியில் பின்புறம் இரட்டைச் சக்கரங்கள் உள்ளன. ஒன்று போனாலும் மற்றொன்றின் துணையால் அடுத்த கடை வரை மெல்ல ஊர்ந்து செல்ல முயல்வார்கள். நம் சிறு வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பின்புறமும் பக்கத்திற்கு ஒரே சக்கரம்தான். அது போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். காற்றில்லாமல் உருட்டிச் சென்றால் டயருடன் வளையமும் கெட்டுவிடும்.

4. நம் பகுதியின் சாலைகள்

பர்கூர், சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையின் மேல் இருக்கிறது. மேற்கே கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் கடந்து அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லையைத் தொடலாம். கிழக்கே நாட்றம்பள்ளி, வாணியம்பாடி வழியாகச் சென்னை செல்லலாம். இந்நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்குப் பஞ்சர் கடை கிடைப்பது அரிதன்று.

ஆனால் சங்கத்தின் சரக்கு நெடுஞ்சாலையில் விளைவதில்லை. ஜெகதேவி, மத்தூர், போச்சம்பள்ளி, சந்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகளுக்குள் மண்பாதையில் போக வேண்டும். வேலியோரத்துச் சீமைக்கருவேல முள் மண்ணில் புதைந்து கிடக்கும். கல் குவாரிகளை ஒட்டிய வழிகளில் கூரிய கருங்கல் சில்லுகள் சிதறியிருக்கும். முள் நடுப்பகுதியைத் துளைக்கும்; கல் சில்லு பக்கச் சுவரைக் கிழிக்கும். முன்னதற்குத் திரி போதும். பின்னதற்கு மாற்றுச் சக்கரமே கதி. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி செல்லும் காட்டுப் பாதையில் இரவில் வண்டி நின்றால், அங்கே கடையை எதிர்பார்ப்பது எவ்வாறு?

அன்றியும், பஞ்சர் கடை இருப்பது வேறு. வேண்டிய அளவுள்ள டயர் அக்கடையில் இருப்பது வேறு. கிழிந்த டயருக்கு ஈடாக அதே அளவுள்ள, அதே பாரம் தாங்கும் புது டயரை இரவு 11 மணிக்குச் சிற்றூர்க் கடையில் வாங்கிவிட முடியாது.

5. கணக்குப் பார்ப்போம்

கூட்டுறவில் எதையும் கணக்கிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பின்வருவது எடுத்துக்காட்டுக் கணக்கு மட்டுமே. ஒவ்வொரு சங்கமும் தன் எண்களைக் கொண்டு இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்டெப்னியை இறக்கிவிட்டால் 25 கிலோ கூடுதலாக ஏற்றலாம். கிலோவுக்குக் கூலி ரூ. 1.50 என்று கொள்வோம். நடைக்கு மிச்சம் ரூ. 37.50. ஆண்டுக்கு 200 நடை என்றால் ரூ. 7,500. இவ்வளவும் ஆதாயம் என்று தோன்றும். இதில் ஒரு பிழை இருக்கிறது. வண்டி தன் முழு அளவு பாரம் ஏற்றிச் செல்லும் நடைகளில் மட்டுமே இந்த 25 கிலோ ஆதாயம் தரும். பாதி ஏற்றிய வண்டியில் ஸ்டெப்னி யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. 200 நடைகளில் 60 மட்டுமே முழுப் பாரம் என்றால் உண்மையான மிச்சம் ரூ. 2,250 ஆகும். எரிபொருளில் மிச்சமாவதும் சொற்பமே. சரக்கோடு இரண்டரை டன் எடையுள்ள வண்டிக்கு 25 கிலோ என்பது நூற்றுக்கு ஒரு பங்கு.

இனி மறுபக்கம். 50 கூடை, கூடைக்கு 20 கிலோ, ஆக 1,000 கிலோ பழம். கிலோ ரூ. 20 என்றால் சரக்கின் மதிப்பு ரூ. 20,000. வண்டி ஓரிரவு நின்று, காலை ஏலத்திற்குப் பழம் சேராமல், விலை கால் பங்கு குறைந்தால் நஷ்டம் ரூ. 5,000. சரக்கை மாற்றி ஏற்ற வாடகை வண்டிக்கு ரூ. 3,000. ஏற்றி இறக்கும் கூலி ரூ. 1,000. ஆக ரூ. 9,000. அதாவது ஒரே ஓர் இரவு, நான்கு ஆண்டுகளின் மிச்சத்தை விழுங்கிவிடும்.

சரக்கு ஓசூர் ரோஜாவாகவோ, இராயக்கோட்டைத் தக்காளியாகவோ இருந்தால் நேரத்தின் விலை இன்னும் ஏறும். துணிக்கு அழுகல் இல்லையே என்று நெசவாளர் கேட்கலாம். துணி அழுகாது, ஆனால் கொள்முதல் நாள் தவறினால் பணம் வருவது தள்ளிப்போகும். பணம் தள்ளிப்போனால் பாவும் ஊடையும் தள்ளிப்போகும். தறி நின்றால் கூலி நின்றது. திறந்த வண்டியில் இரவு மழை பிடித்துக்கொண்டால் துணிக்கும் கேடுதான்.

6. பெயரளவிலுள்ள ஸ்டெப்னி

இதுவரை கூறியவற்றால் மாற்றுச் சக்கரம் வேண்டும் என்பது தெளிவாகும். ஆயினும் பாடம் இத்துடன் முடியவில்லை. சங்க வண்டிகளைப் பார்வையிடும்போது பெரும்பாலும் காணும் குறை ஸ்டெப்னி இல்லாமை அன்று. இருந்தும் உதவாத நிலையில் இருப்பதே. காற்றில்லாத ஸ்டெப்னி, ஏட்டில் மட்டும் இருக்கும் சேமநிதியைப் போன்றது. வரவு செலவு அறிக்கையில் அது இருக்கும். இடுக்கண் வந்த நாளில் கைக்கு வராது.

ஆகவே பின்வருவனவற்றை ஒவ்வொரு மாதமும் சோதிக்க வேண்டும்.

(அ) காற்று. பயன்படுத்தாத டயரிலும் மாதத்திற்கு ஓரிரு பவுண்டு காற்றுக் குறையும். பிக்கப் வண்டியில் பின்சக்கரத்திற்கு முன்சக்கரத்தைவிட மிகுந்த காற்றுத் தேவை. மாற்றுச் சக்கரத்தில் பின்சக்கரத்திற்குரிய அளவே அடித்து வைக்க வேண்டும். முன்னே பொருத்த நேர்ந்தால் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். சாலையோரத்தில் கூட்டிக்கொள்வது அரிது.

(ஆ) வயது. டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3219 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாத டயரும் வெயிலாலும் காற்றாலும் மூப்படையும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து ஆண்டு கடந்ததைப் பார்வைக்கு நன்றாயிருப்பினும் நீக்கிவிட வேண்டும்.

(இ) தேய்மானம். விதிப்படி இத்தகைய வண்டியின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. தேய்ந்து கழித்த டயரையே ஸ்டெப்னியாக மாட்டி வைப்பது தவறான சிக்கனம். ஐந்து சக்கரங்களும் ஒரே அளவும் வகையும் ஆயின், அவற்றை முறை மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. ஐந்தும் ஒரே சீராகத் தேயும். ஒன்று வீணே மூப்படையாது.

(ஈ) அளவு. கார் டயர் அதே வளையத்தில் பொருந்தினாலும் சரக்கு வண்டியின் பாரத்தைத் தாங்காது. டயரின் மேலுள்ள அளவும் பாரக் குறியீடும் ஒத்திருக்க வேண்டும்.

(உ) இடம். சரக்குத் தட்டில் கிடத்தி அதன்மேல் 50 கூடைகளை அடுக்கிவிட்டால் ஸ்டெப்னி இருந்தும் இல்லாததே. வண்டியின் அடியில் தொங்கும் வகையாயின், அதை இறக்கும் சங்கிலியும் திருகும் துருப்பிடிக்காமல் மாதந்தோறும் எண்ணெய் இட்டு, ஒரு முறை இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

(ஊ) கருவிகள். நிறைபாரத்துடன் வண்டியைத் தூக்கவல்ல ஜாக்கி, சக்கரத்து நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஜாக்கியின் கீழ் வைக்கக் கனத்த பலகைத் துண்டு, சக்கரத்திற்கு அணைகொடுக்க இரண்டு மரக்கட்டைகள், டார்ச் விளக்கு, சிவப்பு முக்கோணப் பலகை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மாற்றுச் சக்கரம் மாட்ட முடியாத சக்கரமாகிவிடும்.

7. மாற்றும் முறை

நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் முதற்கவலை சரக்கைப் பற்றியதன்று, ஆட்களைப் பற்றியது. வண்டியைச் சாலையின் ஓரத்திற்கு முற்றிலும் ஒதுக்க வேண்டும். எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தொலைவில் வைக்க வேண்டும். சுமை ஆட்கள் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். பாதுகாப்பாக ஒதுங்க இடமில்லையெனில், 1033 என்னும் தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குச் செய்தி சொல்லிக் காத்திருப்பதே அறிவுடைமை.

கட்டைகளை அணைகொடுத்து, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்த வேண்டும். பின்னரே ஜாக்கியை உயர்த்த வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டியின் அடியில் கையையோ தலையையோ நீட்டலாகாது. புதிய சக்கரத்தின் நட்டுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக முறுக்காமல், எதிரெதிரானவற்றை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடிய பின் மறுமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம். பஞ்சரான சக்கரத்தை மறுநாளே சீர்செய்து மீண்டும் ஸ்டெப்னியாக்கிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடும் வண்டி, ஸ்டெப்னி இல்லாத வண்டியே.

8. சங்கத்தின் கடமை

ஓட்டுநர் மட்டும் இவற்றையெல்லாம் செய்வார் என்று விட்டுவிடுதல் நிர்வாகமாகாது. டயர் ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருக்கிறது. ஐந்து டயர்களின் எண்களையும் வாங்கிய தேதியையும் தளவாடப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். புதிய ஸ்டெப்னி பழைய ஸ்டெப்னியாக மாறிவிடும் விந்தை, எண் எழுதியிராத சங்கங்களில்தான் நிகழ்கிறது. வண்டி ஒர்க்ஷாப்புக்குப் போகும்போதும் திரும்பும்போதும் எண்களை ஒப்பிட வேண்டும்.

மாதச் சோதனையைக் காரியதரிசியும் ஓட்டுநரும் சேர்ந்து செய்து, ஓட்டப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். பஞ்சர் ஒட்டும் செலவை ஓட்டுநர் தம் கைப்பணத்தில் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும்படி விடலாகாது. சிறு முன்பணம் ஒன்றை அவரிடம் கொடுத்து, செலவுச் சீட்டுப் பெற்று ஈடுசெய்ய வேண்டும். பணம் உடனே கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர் மறுநாளே சக்கரத்தைச் சீர்செய்வார்.

விதிவிலக்கு உண்டா? பர்கூர் ஜவுளிக் கடைகளிலிருந்து உள்ளூர்க் கிடங்கு வரை மட்டும் பகலில் ஓடும் வண்டிக்கு, ஸ்டெப்னியைச் சங்க அலுவலகத்தில் வைத்து, வேண்டும்போது கொண்டுவரச் சொல்லலாம் என்பர். வாதம் தவறன்று. ஆனால் அவ்வண்டியையே நாளை திடீரென்று பெங்களூருக்கு அனுப்புவோம். இறக்கி வைத்த சக்கரம் அன்று நினைவுக்கு வராது. ஆதலின் இறக்காதிருத்தலே பழக்கத்திற்கு எளிது.

நெசவாளர் தறியில் அமருமுன் அடுத்த தாரைச் சுற்றி அருகில் வைத்துக்கொள்கிறார். குடியானவர் விதைத்தது பொய்த்தால் மறுவிதைப்புக்கென்று சிறிது விதையை நிறுத்தி வைக்கிறார். அவற்றை யாரும் வீண் பாரம் என்று சொல்வதில்லை. சங்க வண்டியின் ஐந்தாவது சக்கரமும் அத்தகையதே.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நம் சங்க வண்டி சென்ற ஆண்டில் எத்தனை நடை ஓடியது? அவற்றுள் முழுப் பாரம் ஏற்றிய நடைகள் எத்தனை?

2. நம் ஸ்டெப்னி டயர் எந்த ஆண்டில் செய்யப்பட்டது? இன்று அதில் எத்தனை பவுண்டு காற்று இருக்கிறது?

3. நிறைபாரத்துடன் நம் ஜாக்கியைச் சோதித்துப் பார்த்தோமா?

4. ஐந்து டயர்களின் வரிசை எண்களும் பதிவேட்டில் உள்ளனவா?

5. பஞ்சர் செலவுக்கு ஓட்டுநரிடம் முன்பணம் இருக்கிறதா?

இவற்றுள் எந்த வினாவிற்கேனும் விடை கிடைக்கவில்லையெனில், அதை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருளாகச் சேர்க்கும்படி அங்கத்தினர்கள் தலைவருக்கு எழுதிக் கொடுக்கலாம். அவ்வாறு கேட்பது அங்கத்தினர்களின் உரிமை.